படத்துல ஒண்ணுமில்ல

எக்ஸ்ரே எடுக்கிறவளிடம் யாரும் சிரித்துக்கொண்டு வருவதில்லை; அப்படியே வந்தாலும் "அசையாதீங்க" என்று சொல்லி அந்தச் சிரிப்பை நிறுத்திவிடுவதுதான் எங்கள் தொழில்.

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எனக்கு அந்த வேலை. பெயர் எஸ்தர். நான் நர்ஸும் இல்லை, டாக்டரும் இல்லை. ஆனாலும் வெள்ளைக் கோட்டைக் கண்டதும் எல்லாரும் சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். முதலில் திருத்திப் பார்த்தேன். பிறகு தொலையட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு மெஷின், ஒரு மேஜை, பக்கத்தில் ஃபிலிம் கழுவுகிற இருட்டறை, அவ்வளவுதான் என் ராஜ்ஜியம். சித்திரை வெயிலில் கழுவுகிற மருந்து சூடேறிப் படம் கெட்டுவிடும் என்று, சோடாக் கடையில் ஐஸ் வாங்கி வந்து தொட்டியைச் சுற்றி அடுக்குவேன். "சிஸ்டர் மட்டும் உள்ள சர்பத்து குடிக்காங்க" என்று வராந்தாவில் பேசிக்கொள்வது எனக்குக் கேட்கும்.

இதைப் படிக்கிற உங்களில் முக்கால்வாசிப் பேர், கட்டில் காலிலோ நிலைப்படியிலோ பெருவிரலை இடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர நொண்டி, "இதுக்குப் போயா இந்தக் கூப்பாடு" என்று வீட்டாரிடம் பேச்சு வாங்கியவர்கள்தான். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எங்கள் மெஷினுக்கு எலும்பு தெரியும். எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கிற நாரும் சவ்வும் தெரியாது. அது அறுந்து தொங்கினாலும் படம் பளிச்சென்று நல்ல பிள்ளையாக இருக்கும். இப்போது இருக்கிற ஸ்கேன் எதையும் அன்றைக்கு நாங்கள் கண்ணால் கண்டதில்லை. "எலும்பு முறியல" என்று டாக்டர் சொல்வார். வராந்தாவுக்கு வருவதற்குள் அது "படத்துல ஒண்ணுமில்ல" ஆகிவிடும். பஸ் ஏறி ஊர் போய்ச் சேர்வதற்குள் "அவளுக்கு ஒண்ணுமே இல்லையாம்" ஆகிவிடும். அப்படி ஒரு படத்தை நம்பி, சண்முகத்தாய் என்ற பெண்ணைப் பிறந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். அவள் கதைக்கு வருமுன் வேறு சில கால்களைப் பார்த்துவிடுவோம். அந்தக் கால்கள் இல்லாமல் அவள் கால் விளங்காது.

உள்ளங்கையில் மெட்டி

கால்விரல் படம் என்றால் முதல் சண்டை மெட்டியோடுதான். வெள்ளி குறுக்கே கிடந்தால் மூட்டை மறைத்துவிடும். கழற்றுங்கள் என்றால் பெண்கள் என்னைக் கெட்ட வார்த்தை பேசினவளைப் போலப் பார்ப்பார்கள். புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது மெட்டியைக் கழற்றுவதா? "நீங்க வேதக்காரவுக, உங்களுக்கு என்ன தெரியும்" என்று ஒரு அம்மா முகத்துக்கு நேராகவே கேட்டாள். எங்கள் அம்மாவும் கல்யாண மோதிரத்தைச் சோப்புப் போட்டுக்கூடக் கழற்ற விடமாட்டாள் என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை.

பூ மார்க்கெட்டில் பூக்கட்டுகிற ஒருத்தி, காலில் தண்ணிக் குடம் விழுந்து வந்தாள். வீக்கத்தில் மெட்டி சதைக்குள் புதைந்துபோய்க் கிடக்கிறது. ஆனாலும் மாட்டேன் என்கிறாள். விரல் அழுகிவிடும் என்று டாக்டர் சத்தம் போட்டும் அசையவில்லை. கடைசியில் ஆள் அனுப்பி அவள் புருஷனைக் கூட்டிவந்தோம். சோப்புத் தண்ணி விட்டு, நூல் சுற்றி, அந்த மனிதர்தான் மெள்ள மெள்ள உருவி எடுத்தார். மேஜையில் வைக்கச் சொன்னேன், கூடாதாம். சட்டைப் பையில் போடச் சொன்னேன்; அதுவும் கூடாதாம். படம் எடுத்து, கழுவி முடிகிற வரைக்கும் வராந்தாவில் உள்ளங்கையை விரித்துக்கொண்டு நின்றார். பார்க்கவே எனக்குக் கை வலித்தது. "அண்ணாச்சி, அந்தப் பெஞ்சில சித்த உக்காருங்களேன்" என்றேன். அவர் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு சொன்னார்: "உக்காந்த மேனிக்குக் கண்ணசந்து இத எங்கயாச்சும் போட்டுட்டேம்னா, பெறகு என் உசுருக்கு நீங்களா சிஸ்டர் ஜவாப்பு?"

ராயகிரிக் குழு

ராயகிரியிலிருந்து ஒரு சடுகுடு ஆட்டக்காரரைக் குழுவே தூக்கிக்கொண்டு வந்தது. எதிராளியை இழுக்கும்போது பெருவிரல் மண்ணில் ஊன்றி மேல்நோக்கி மடங்கிவிட்டது. படத்தில் எலும்பு நன்றாக இருந்தது. "முறியல. ஆனா உள்ள நார் பிஞ்சிருக்கலாம், காலை ஊனாம இருக்கணும்" என்றார் டாக்டர். முதல் வார்த்தையோடு குழு கைதட்டிவிட்டது. பாக்கியை யாரும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவரை ஆட்டத்தில் இறக்கிவிட்டார்கள். திங்கட்கிழமை பாதம் தடியங்காயாக வீங்கி, அதே ஆள், அதே குழு, அதே வராந்தா. டாக்டருக்கு வந்த கோபத்தில் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் எறிந்தார். குழுத் தலைவர் கொஞ்சமும் அசராமல் சொன்னார்: "எலும்பு நல்லாருக்குன்னு நீங்கதானய்யா சொன்னிய, நாங்க அவன அந்த எலும்புக்காகத்தான வச்சிருக்கோம்!"

பட்டாணி

பெருவிரல் மூட்டுக்கு அடியில் எல்லாருக்கும் இரண்டு சின்ன உருண்டை எலும்பு உண்டு. உங்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. நாம் நடக்கும்போது உடம்பின் பாரம் அதன்மேல் உருண்டு போகிறது. அதற்கு இங்கிலீஷில் ஒரு பெரிய பெயர் இருக்கிறது. நானும் டாக்டரும் பட்டாணி என்போம். படத்தில் பார்த்தால் யாரோ இரண்டு பட்டாணியை விரலுக்கடியில் ஒளித்துவைத்த மாதிரியே இருக்கும்.

பனவடலிசத்திரம் பக்கத்திலிருந்து ஆடு மேய்க்கிறவர் ஒருவர் வந்தார். முள் குத்திய இடம் ஆறவில்லை. உள்ளே ஏதும் தங்கியிருக்கிறதா என்று பார்க்கப் படம் எடுத்தோம். ஒன்றும் தங்கவில்லை. ஆனால் வெளிச்சப் பெட்டியில் படத்தை மாட்டியதும் மனிதர் துள்ளி எழுந்துவிட்டார். "அந்தா கெடக்குல்லா கல்லு! ரெண்டு கல்லு! அத எடுங்க" என்று ஒரே பிடிவாதம். டாக்டர் சொல்லிப் பார்த்தார், நான் சொல்லிப் பார்த்தேன். ஆட்டுக் காலில் இல்லாதது தன் காலில் எப்படி வரும் என்கிறார். எனக்குப் பொறுமை போய்விட்டது. இருட்டறையில் காயப்போட்டிருந்த கால் படங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாக மாட்டிக் காட்டினேன். பள்ளிக்கூட வாத்தியார் கால், பஸ் கண்டக்டர் கால், ஒரு பாட்டியம்மா கால், எல்லாவற்றிலும் பட்டாணி. அவர் நிதானமாகப் பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரித்தான். ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாருமே கல்ல மிதிச்சிருக்கோம்னு சொல்லுங்க."

ஆடிச் சுற்று

ஆடித்தபசுத் திருவிழா வந்தால் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கால்களாகவே வரும். சங்கரன்கோவில்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கொடி ஏறியதும் பெண்கள் கோயில் பிரகாரத்தைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். எத்தனை சுற்று என்று நேர்ந்துகொண்டார்களோ அத்தனை. அம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் இருக்கிறாள்; சுற்றுகிறவர்கள் அந்தக் கால்வலியில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்கிறார்கள் என்பது நம்பிக்கை. நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் இதைக் கேட்டபோது எனக்கு மனசுக்குப் பிடித்துப்போயிற்று. சாமியிடம் வலியை இறக்கிவைத்துவிட்டு வருகிறவர்களைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். சாமியின் வலியையே வாங்கிக்கொண்டு வருகிறவர்களை இந்த ஊரில்தான் பார்த்தேன்.

அப்படித்தான் சண்முகத்தாய் வந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம் இருக்கும். திருவேங்கடம் பக்கம் கரிசல் காட்டில் புஞ்சை வைத்திருக்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். கூட வந்தது மாமியார் வேலம்மா. சுற்றும்போது கூட்டத்தில் பின்னால் வந்த யாரோ தடுமாறி இவள்மேல் சாய, தூக்கிய குதிகால் தூக்கியபடி இருக்க, பெருவிரல் வேரோடு மேல்நோக்கி மடங்கிவிட்டது. அப்படியும் பாக்கிச் சுற்றை நொண்டிக்கொண்டே முடித்துவிட்டுத்தான் வந்தாள். பாதத்தின் முன்பக்கம் கன்றிப்போய்க் கிடந்தது. மேஜையில் படுத்திருந்தபோது ஒரு வார்த்தை பேசவில்லை. சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள்.

பேசினதெல்லாம் வேலம்மாதான். போன வருஷம் மகனுக்கு மஞ்சள்காமாலை வந்து, பிழைப்பதே கஷ்டம் என்று ஆகிவிட்டதாம். பிழைத்தால் ஆடிச் சுற்று சுற்றுகிறேன் என்று நேர்ந்துகொண்டாளாம். மகன் எழுந்துவிட்டான், ஆனால் வேலம்மாவின் முட்டி அவளைச் சுற்ற விடவில்லை. அத்தைக்குப் பதில் நான் சுற்றுகிறேன் என்று மருமகள்தான் முன்வந்திருக்கிறாள். படம் கழுவி வந்தது. எலும்பு முறியவில்லை என்று டாக்டர் சொன்னதும், வேலம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். மருமகள்மேல் இவ்வளவு பிரியமா என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது அவள் என் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "அம்மனுக்குச் சுத்துன காலுக்கு ஒண்ணும் வராதுன்னு எனக்குத் தெரியும் சிஸ்டரம்மா."

தேய்ந்துபோன படம்

புரட்டாசி கடைசியில் வேலம்மா தனியாக வந்தாள். கையில் அதே படம். உறை கிழிந்து, ஓரம் மடங்கி, விரல் ரேகையும் மஞ்சளும் அப்பிப்போய், பெருவிரல் இருந்த இடத்தில் ஒரே கீறல். "இதே மாதிரி இன்னொண்ணு போட்டுத் தாங்க" என்றாள். எக்ஸ்ரே படம் அத்தனை சீக்கிரம் தேயாது. யாரும் அதை வருஷத்துக்கு ஒருமுறை பரணிலிருந்து எடுத்தால் அதிகம். எப்படி இப்படி ஆனது என்று கேட்டேன்.

"எல்லாத்துக்கும் காட்ட வேண்டியிருக்குல்லா. அக்கம்பக்கத்துல, சொக்காரங்க வீட்டுல, எங்க நாத்தனா வீட்டுல. கள வெட்டக் கூப்பிட்டா காலு வலிக்குங்கா. குத்தவச்சு ஒரு வேல செய்ய மாட்டேங்கா. மாமனார் முன்னாலயே காலை நீட்டிக்கிட்டு உக்காருதா! பாக்கிறவுக என்ன சொல்லுவாக? படத்துல ஒண்ணுமில்லாதப்போ வலி எங்கேருந்து வந்துச்சு? நடிக்கா. தீவாளிக்கு அவ அண்ணன்மார வரச்சொல்லிட்டேன். இந்தப் படத்தக் காட்டி அவங்க கையிலயே பிள்ளைய ஒப்படைச்சிருவேன்."

எனக்கு வந்ததே கோபம். மெஷின் மேலா, அவள் மேலா, தெரியவில்லை. "ஏம்மா, இது எலும்ப மட்டும் காட்டுத படம். நார் அறுந்திருந்தா இதுல தெரியாது. உங்க முட்டிக்கும் எடுத்துப் பாப்போமா? அதுலயும் ஒண்ணும் தெரியாமப் போவலாம். அப்போ நீங்களும் நடிக்கிதியன்னு சொல்லவா?" என்று பொரிந்து தள்ளிவிட்டேன். பதிலுக்குச் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். முகம் செத்துப்போயிருந்தது. அம்மன் ஏற்றுக்கொண்ட சுற்றில் கால் போகாது, கால் போயிருந்தால் அம்மன் அந்தச் சுற்றை ஏற்றுக்கொள்ளவில்லை, இதுதான் அவள் கணக்கு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மருமகளை விரட்டுவதற்காக அவள் அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு திரியவில்லை, பயத்தில் திரிந்திருக்கிறாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "அவ காலுக்கு நெசமாவே ஒண்ணுன்னா, நேர்த்திக்கடன் நெறவேறலன்னுல்லா ஆயிரும், பெறகு எம் மவன் உசுருக்கு நான் எங்க போவேன்?"

நீட்டிய கால்

இன்னொரு பிரதி போட்டுத் தர முடியாது, மருமகளைக் கூட்டிவந்தால் புதிதாக எடுத்துத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். டாக்டரிடமும் போய்ச் சொன்னேன். "சார், நம்ம படம் ஊர் ஊராப் போயி அந்தப் பிள்ளைக்கு எதிராச் சாட்சி சொல்லிக்கிட்டிருக்கு." அவர் நல்ல மனிதர், ஆனால் நாளெல்லாம் பிரசவமும் பாம்புக்கடியுமாக ஓடுகிறவருக்கு ஒரு கால் பெருவிரல் எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது? கேட்டுவிட்டு எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். பிறகு, "காலேஜ்ல படிக்கும்போது கணுக்கால இழுத்துப் பிடிச்சிக்கிட்டே படம் எடுப்பாங்கம்மா. நார் அறுந்திருந்தா எலும்பு விலகிக் காட்டும். அதையே விரலுக்குச் செஞ்சா என்ன? நம்ம பட்டாணி இருக்குல்லா! விரல மேல தூக்கினா பட்டாணியும் கூடவே முன்னால வரணும். அத விரலோட கட்டிவச்சிருக்கிறதே அந்த நாருதான்" என்றார். ஆடு மேய்க்கிறவரிடம் தொண்டை வறளக் கத்தியது வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் இருவரும் வந்தார்கள். வராந்தாவில் மற்ற பெண்கள் முழங்காலை மடக்கிக் குத்தவைத்து உட்கார்ந்திருக்க, சண்முகத்தாய் மட்டும் சுவரோடு சாய்ந்து ஒரு காலை நீட்டியிருந்தாள். ஒருமுறை குத்தவைத்துப் பாருங்களேன், உங்களுக்கே புரியும். முன்னால் எட்டினால் குதிகால் எழும்பி, பாரம் முழுக்கப் பெருவிரல் வேரில்தான் விழும். விரல் மேல்நோக்கி மடங்கியே தீரும். களையெடுப்பும் அடுப்பு வேலையும் அந்த உட்காரலில்தான் நடக்கிறது. மாமனார் முன்னால் கால் நீட்டினாள் என்ற பழிக்கு அதுதான் காரணம். மருமகளை உள்ளே கூட்டிப்போய், "ரொம்ப வலிக்கா தாயி?" என்று கேட்டேன். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவள் நிமிர்ந்து பார்த்தாள். "வலி கெடக்குக்கா, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது. பொய்யின்னு சொல்லுதாவளே, அதுதான் தாங்கல."

இழுத்துப் பிடித்த படம்

இரண்டு காலையும் எடுத்து ஒத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இரண்டு கால் மெட்டியையும் கழற்ற வேண்டும். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். சண்முகத்தாய் மாமியாரைப் பார்த்தாள். வேலம்மாவே குனிந்து கழற்றித் தன் முந்தியில் முடிந்துகொண்டாள். டாக்டர் அடிபட்ட விரல் மரத்துப்போக ஊசி போட்டார். வலியில் விரலை விறைப்பாக வைத்துக்கொண்டால் சரியாகத் தெரியாது என்பதற்காகத்தான். ஆனால் அதில் இன்னொன்றும் இருந்தது. மரத்துப்போன விரலில் யாரும் நடிக்க முடியாது.

விரலில் துணிப்பட்டையைச் சுற்றி, படம் விழுகிற நேரம் ஒரு ஆள் இழுத்துப் பிடிக்க வேண்டும். கம்பவுண்டர் லீவு. டாக்டர் பாதத்தை அசையாமல் பிடிக்க வேண்டும், நான் வெளியே சுவிட்சில் நிற்க வேண்டும். "யாராவது ஒரு ஆளு வேணும்" என்று டாக்டர் வராந்தாப் பக்கம் எட்டிப்பார்த்தார். "நான் பிடிக்கேன்" என்றாள் வேலம்மா. கதிர் படாமலிருக்க ஈய ஏப்ரனை அவள் கழுத்தில் மாட்டினேன். "ஆத்தாடி, இது என்ன பருத்தி மூட்டையா" என்று ஒரு குலுங்கு குலுங்கினாள். கையில் பெரிய ஈயக் கையுறை. டாக்டரும் ஏப்ரனும் கையுறையும் மாட்டிக்கொண்டு, பாதத்தைப் பிடித்தபடி, எந்தத் திசையில் எவ்வளவு இழுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்.

முதலில் நல்ல கால். பக்கவாட்டில் வைத்து, பட்டையை இழுத்தாள். விரல் மேலே போய் ஒரு இடத்தில் பிடித்து நின்றது. "நின்னுட்டு, இதுக்கு மேல வரல" என்றாள். சுவிட்சை அழுத்தினேன். பிறகு அடிபட்ட கால். இழுத்தாள். விரல் போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. பிடித்து நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை. கதவு இடுக்கு வழியாக வேலம்மாவின் முகம் எனக்குத் தெரிந்தது. சண்முகத்தாய் வலியே இல்லாமல் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். முகம் வெளிறியது மாமியாருக்குத்தான். "டாக்டரய்யா, இது நிக்கல... வந்துக்கிட்டே இருக்கு... கையோட வந்துருமோ?" என்றாள். "அப்படியே பிடிங்கம்மா, விட்டுராதிய" என்று நான் கத்திவிட்டுச் சுவிட்சை அழுத்தினேன்.

இருட்டறைக்குள் போய் இரண்டு படத்தையும் கழுவினேன். சொட்டச் சொட்ட இரண்டையும் கொண்டுவந்து வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன். நல்ல காலில், விரல் மேலே போனதும் பட்டாணி அதோடு சேர்ந்து முன்னால் வந்திருந்தது. அடுத்ததில் விரல் மட்டும் மேலே போயிருந்தது. பட்டாணி பின்னாலேயே கிடந்தது. டாக்டர் வேலம்மாவைக் கிட்டே கூப்பிட்டு, இரண்டு படத்திலும் பட்டாணியைத் தொட்டுக் காட்டினார். "ரெண்டையும் கட்டியிருந்த நாரு அறுந்துபோச்சும்மா. அன்னைக்கே அறுந்திருக்கு. இந்தக் காலோடதான் உங்க மருமக மிச்சச் சுத்தையும் சுத்தியிருக்கா. விரல மடங்காமக் கட்டி, அடி விறைப்பா ஒரு டயர் செருப்புத் தைச்சுப் போடச் சொல்லுங்க. தை பிறக்கிற வரைக்கும் களையெடுப்பு கிடையாது. குத்தவைக்கவும் கூடாது. இத்தனை நாள் கழிச்சு வந்ததால முழுசா ஒட்டும்னு என்னால சொல்ல முடியாது, நடக்க முடியும்."

வேலம்மா ஏப்ரனோடேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நேர்த்திக்கடன் வீணாகிவிட்டது என்று அழப்போகிறாள் என்று பயந்தேன். என்ன சொல்லித் தேற்றுவது? என் வேதத்தில் இதற்கு வசனம் தேடினால் கிடைக்குமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அவள் அழவில்லை. கையுறையோடு கூடிய கையால் மருமகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, மெள்ளத் தனக்குத்தானே பேசுகிறவள் போலச் சொன்னாள்: "அம்மன் கால்வலியத் தாங்கத்தான சுத்துதோம். எங்கிட்ட வரவேண்டிய வலி. எம் மவனுக்காக இவ வாங்கிட்டு வந்திருக்கா. அத நான் நடிப்புன்னுட்டேனே, ஏட்டி தாயி." சண்முகத்தாய் எழுந்து உட்கார்ந்தாள். "அத்தை, காலை விடுங்க, எல்லாரும் பாக்காவ" என்று சொல்லிக்கொண்டே அழுதாள். இத்தனை மாசமும் வலிக்கு அழாதவள்.

டாக்டர் விரலைக் கட்டிவிட்டார். வேலம்மா முந்தி முடிச்சை அவிழ்த்து, கட்டுப்போடாத காலில் மெட்டியை மாட்டிவிட்டாள். மற்றதை மறுபடி முடிந்துகொண்டாள். கிளம்பலாம் என்றேன். நகரவில்லை. திருவேங்கடத்துக்குக் கடைசி பஸ் வரைக்கும் நேரம் இருக்கிறது, அந்தப் புதுப் படத்தைக் கையோடு தாருங்கள் என்றாள். இன்னும் ஈரமாக இருக்கிறது, நாளைக்கு யாரையாவது அனுப்புங்கள் என்றேன். என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்தாள். "அந்தப் பழைய படத்த எந்தெந்த வீட்டுலல்லாம் காட்டுனேனோ, அந்தந்த வீட்டுலல்லாம் இதயும் காட்டிட்டுத்தான் நான் ஒருவாய் சோறு திம்பேன், படம் காஞ்சிட்டான்னு போய்ப் பாருங்க சிஸ்டரம்மா."

அன்றிலிருந்து யார் வந்து "படத்துல ஒண்ணுமில்லன்னுட்டாங்க" என்று என்னிடம் சொன்னாலும், மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் முதலில் அவர்களைக் காலை நீட்டி உட்காரச் சொல்லிவிடுகிறேன்.